போஸ்ட்ஃபிக்ஸ் வாசலில் கிளாம்ஏவி: மில்டர் வழியாகப் பொருத்திப் பார்த்தது

சர்வர் டெபியன் 12. மெயிலைக் கையாள்வது போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் நிரல். வரும் மெயிலில் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது கிளாம்ஏவி என்ற வைரஸ் தடுப்பு நிரல். மெயிலை வாங்கி வரிசையில் போட்டபின் சோதிக்கலாம். அனுப்பும் சர்வர் இணைப்பில் இருக்கும்போதே மில்டர் (மெயில் சர்வரோடு பேசி மெயிலை வடிகட்டும் துணை நிரல்) மூலம் சோதிக்கவும் செய்யலாம். இங்கே எடுத்தது இரண்டாவது வழி. வைரஸ் மெயிலில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி. வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்பினால் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் தலையில் போய் விழும். வாசலிலேயே 550 என்ற நிரந்தர மறுப்புக் குறியீட்டைச் சொல்லி மறுத்துவிட்டால் அந்தப் பாவம் நமக்கில்லை.

நிறுவ வேண்டியவை கிளாம்ஏவியின் டீமன் (பின்னணியில் ஓடிச் சோதிக்கும் கிளாம்டி), ஃபிரெஷ்கிளாம் (வைரஸ் பட்டியலைப் புதுப்பிப்பது), மில்டர் ஆகிய மூன்று பொதிகள். நிறுவிய கையோடு கிளாம்டி எழாது. ஃபிரெஷ்கிளாம் வைரஸ் அடையாளக் கோப்புகளை இறக்கி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு ஸ்டார்ட் கொடுக்க வேண்டும்.

ரேமில் கஞ்சத்தனம் கூடாது. அடையாளங்களை ஏற்றிய கிளாம்டி மட்டுமே 1 ஜிபிக்கு மேல் பிடிக்கும். புதிய பட்டியல் வரும்போது பழையதை வைத்துக்கொண்டே புதியதை ஏற்றுவதால் சற்று நேரத்துக்கு அது இரட்டிப்பாகும். 2 ஜிபி சர்வரென்றால் நினைவகம் போதாமல் கர்னல் கிளாம்டியைக் கொன்றுவிடலாம். மற்ற நேரமெல்லாம் ஒழுங்காக ஓடிவிட்டுப் புதுப்பிக்கும்போது மட்டும் சாகிறதென்றால் காரணம் இதுதான். கிளாம்டியின் அமைப்புக் கோப்பில் கன்கரன்ட்டேட்டாபேஸ்ரீலோட் என்பதை ‘நோ’ ஆக்கினால் போதும். ஏற்றி முடியும்வரை சோதனை நிற்கும். மெயிலுக்கு அந்தத் தாமதம் ஒரு பொருட்டே அல்ல.

நேரத்தைத் தின்றது சாக்கெட், அதாவது போஸ்ட்ஃபிக்ஸும் மில்டரும் பேசிக்கொள்ளும் கோப்பு. டெபியனின் இந்தப் பதிப்பில் மெயிலை வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸின் பகுதியான எஸ்எம்டிபிடி, ஸ்பூல் (மெயில் வரிசைகள் இருக்கும்) அடைவுக்குள் குரூட்டில் அடைபட்டு ஓடுகிறது; அந்த அடைவுக்கு வெளியே இருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. மில்டரின் சாக்கெட் வெளியே இருந்தால், எல்எஸ் போட்டுப் பார்க்கும் நம் கண்ணுக்குக் கோப்பு தெரியும். லாகிலோ ‘அப்படியொரு கோப்பு இல்லை’ என்று வந்துகொண்டே இருக்கும். ஸ்பூலுக்குள்ளேயே கிளாம்ஏவி என்று ஓர் அடைவு, உரிமையாளரும் குழுவும் கிளாம்ஏவி, அனுமதி 750. சாக்கெட்டுக்கு 660. போஸ்ட்ஃபிக்ஸ் பயனரைக் கிளாம்ஏவி குழுவில் சேர்த்து ரீஸ்டார்ட். போஸ்ட்ஃபிக்ஸின் மெயின் அமைப்புக் கோப்பில் எஸ்எம்டிபிடி_மில்டர்ஸ் வரியில் பாதையை ஸ்பூலுக்கு உள்ளிருந்து பார்ப்பதுபோல் எழுத வேண்டும். முழுப் பாதை எழுதினால் மறுபடி அதே பிழை.

மில்டரில், வைரஸ் கண்டால் என்ன செய்வது என்று சொல்லும் ஆன்இன்ஃபெக்டட் இயல்பாகக் குவாரன்டைன். அனுப்பியவரிடம் ‘வாங்கிக்கொண்டேன்’ என்று சொல்லிவிட்டு மெயிலை ஹோல்டு (நிறுத்திவைக்கும்) வரிசையில் போட்டுவிடும். அதை ரிஜெக்ட் ஆக்கினேன். மில்டர் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கான போஸ்ட்ஃபிக்ஸின் மில்டர்_டிஃபால்ட்_ஆக்‌ஷன் டெம்ப்ஃபெயில் என்பதில் கைவைக்கவில்லை. மில்டர் செத்தால் ‘பிறகு முயலுங்கள்’ என்ற தற்காலிக மறுப்பான 451 போகும். ஒழுங்கான சர்வர் திரும்ப முயலும், மெயில் தொலையாது. அக்செப்ட் வைத்தால் மெயில் தடையின்றி வரும், கூடவே வைரஸும் வரும்.

அளவுகளையும் ஒத்துப் பார்க்க வேண்டும். மில்டர் 25 எம்பிக்கு மேற்பட்ட மெயிலைச் சோதிக்காமலே விட்டுவிடும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான வரம்பு 1,02,40,000 பைட் என்பதால் சிக்கலில்லை. அதை உயர்த்தினால் மில்டரின் வரம்பையும், கிளாம்டியின் ஸ்ட்ரீம் வரம்பையும் சேர்த்தே உயர்த்துங்கள். மெயிலோடு வரும் கோப்புகள் பேஸ்64 குறியாக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகும் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

சோதனைக்கு 68 எழுத்து ஐகார் கோப்பு (வைரஸ் தடுப்பு நிரலைச் சோதிப்பதற்கென்றே உள்ள தீங்கற்ற கோப்பு). வேறொரு கணினியிலிருந்து ஸ்வாக்ஸ் என்ற மெயில் சோதனைக் கருவி கொண்டு நேரடி இணைப்புக் கோப்பாகவும், ஜிப்பாகவும், ஜிப்புக்குள் ஜிப்பாகவும் அனுப்பியபோது மூன்றுக்கும் 550 கிடைத்தது. கடவுச்சொல் போட்ட ஜிப் மட்டும் உள்ளே நுழைந்துவிட்டது. உள்ளடக்கத்தைப் பார்க்க வழியில்லாததால் அது எதிர்பார்த்ததே. அலர்ட்என்க்ரிப்டட்ஆர்க்கைவ் ‘எஸ்’ ஆனதும் அதுவும் நின்றது. பூட்டிய பிடிஎஃப்புக்கான அமைப்பு தனி. அதைத் தொடவில்லை, தொட்டால் நியாயமான ஆவணங்களும் திரும்பிப் போகும்.