மாவுக்கட்டு பிரித்த பிறகு தொடைச் சதை திரும்பிய விதம்

இடது காலின் மாவுக்கட்டைப் பிரித்த பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் எலும்பைப் பற்றித்தான் விசாரித்தார்கள். எலும்பு நன்றாகவே கூடியிருந்தது. என்னைக் கலங்கடித்தது தொடைதான். முட்டிக்கு மேலே டேப்பால் சுற்றளவு எடுத்தால் இடது கால் வலதைவிட ஒன்றரை அங்குலம் குறைவு. தோல் தொளதொளவென்று தொங்கியது. காலை நீட்டி முட்டியை விறைக்க முயன்றால் தொடை அசையவே இல்லை.

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடு எங்களுடையது. தெருவிலிருந்து திண்ணைக்கு ஏறப் படி, முற்றத்துக்கு இறங்கப் படி, நடுவெல்லாம் வழுவழுவென்று ஆத்தங்குடிக் கல். வலுவில்லாத காலோடு அங்கே நடமாடுவது பெரும்பாடு. “படுத்து எந்திரி ஆத்தா, தானாச் சதை பிடிச்சிரும்” என்றார் அயித்தை. அன்பாகத்தான் சொன்னார். ஆனால் படுத்தே கிடந்தால் சதை பிடிக்காது. இதை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

அதே சமயத்தில் அண்ணன் மகனும் காலைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். சிராவயல் மஞ்சுவிரட்டுப் பார்க்கப் போனவன், காளை திரும்பியதும் ஒரே பாய்ச்சலாக ஓடியதில் பின்தொடைச் சதை கிழிந்துவிட்டது. மறுநாள் தொடை கன்றிப்போய், அப்புறம் அந்தக் கருநீலம் முட்டிக்குக் கீழே வரை இறங்கியது. இருவருக்கும் ஒரே பிசியோ, காரைக்குடியிலிருந்து வரும் ஒரு பெண். ஆனால் இருவருக்கும் அவர் சொன்ன வைத்தியம் வேறு வேறு. ஏன் என்று கேட்டேன். அவர் சொன்னதையும் பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

அவனுக்குத் தசைநார்களே, அதாவது சதையை உண்டாக்கும் மெல்லிய இழைகளே, அறுந்துபோயிருந்தன. அப்படி அறுந்த சில மணி நேரத்திலேயே ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் அங்கே வந்து குவிகின்றன. அடுத்து வரும் மேக்ரோஃபேஜ் என்ற அணுக்கள் அறுந்த நார்த் துணுக்குகளை விழுங்கிச் சுத்தம் செய்கின்றன. இரண்டு மூன்று நாளில் அவற்றின் போக்கு மாறி, புது நார் வளரத் தூண்டுதல் கொடுக்கின்றன. வளர்வது எதிலிருந்து என்றால், ஒவ்வொரு தசைநாரின் ஓரத்திலும் ஒட்டிக்கொண்டு உறங்கிக் கிடக்கும் சாட்டிலைட் செல்களிலிருந்து. 1961-ல் அலெக்சாண்டர் மௌரோ என்ற ஆய்வாளர் தவளையின் கால் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது கண்டவை அவை. அடிபட்டதும் விழித்து, பெருகி, ஒன்றோடொன்று இணைந்து புது நாராகின்றன. எல்லாமே அப்படி ஆகிவிடுவதில்லை. ஒரு பங்கு மறுபடி உறக்கத்துக்குப் போய்விடுகிறது, அடுத்த காயத்துக்கு இருப்பாக. எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

கூடவே தழும்பும் வளர்கிறது. அதிகமாக வளர்ந்தால் அந்த இடம் விறைப்பாகவே நின்றுவிடும். அதனால்தான் அவனுக்கு முதல் சில நாள் ஓய்வு, அப்புறம் வலி பொறுக்கிற அளவுக்கு மெல்ல அசைவு. எண்ணெய் போட்டு உருவிவிட ஆள் கூட்டி வந்தார்கள். பிசியோ வேண்டவே வேண்டாம் என்றார். புதுக் கிழிசலை அழுத்தி உருவினால் ரத்தக்கசிவு கூடும். சில பேருக்குச் சதைக்குள் எலும்பு போலவே இறுகிவிடுவதும் உண்டு.

என் தொடையில் எதுவும் அறவில்லை. வேலை இல்லாததால் ஒவ்வொரு நாரும் மெலிந்திருந்தது, அவ்வளவுதான். அசையாத தசையில் புரதம் சேர்வது குறைந்துவிடுகிறது. ஆரோக்கியமான இளைஞர்களின் காலில் கட்டுப் போட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். 14 நாளில் தொடைச் சதை சுமார் 8 சதவீதம் குறைந்தது, வலுவோ 23 சதவீதம் போனது. பருமனைவிட வலு வேகமாகப் போகிறது, காரணம் நரம்பின் கட்டளையும் மங்கிவிடுகிறது. முட்டியில் வீக்கம் இருந்தால் முன்தொடைக்குப் போகும் கட்டளையை உடம்பே தடுத்தும் வைக்கும். என் தொடை அசையாததன் காரணம் அது.

அதனால் முதலில் சதையைச் சுருங்க வைக்கத் தொடையில் லேசான கரண்ட் வைத்தார்கள். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, “ஆச்சி, துண்டை நசுக்குங்க, அஞ்சு எண்ணுங்க” என்பார் பிசியோ. ஒருநாள் முட்டிச்சில்லுக்கு மேலே உள்பக்கத்தில் ஒரு சின்னத் துடிப்பு. கை வைத்துப் பார்த்தேன், விரலுக்கடியில் சதை இறுகியது. அன்று அழுதுவிட்டேன். பிறகு நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, அப்புறம் முற்றத்துப் படியில் ஒற்றைக் காலால் ஏறி இறங்குவது. சுலபமானதும் கணுக்காலில் மணல்பை கட்டிப் பாரத்தைக் கூட்டுவார். பாரம் கூடாமல் அதே பயிற்சியைச் செய்துகொண்டிருந்தால் வளர்ச்சி நின்றுவிடும்.

சாப்பாட்டிலும் மாற்றம். ஆளுக்கு ஆள் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தார்கள். சூடாகக் குடிக்க இதமாகத்தான் இருக்கும், ஆனால் அதில் இறங்குவது பெரும்பாலும் தோலிலும் மூட்டிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம். தசை கட்டத் தூண்டும் லியூசின் என்ற அமினோ அமிலம் அதில் குறைவு. வயதானவர்கள் அடிபட்டுத் தேறும்போது உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள். 60 கிலோ என்றால் 72 முதல் 90 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம்தான். இட்லி சட்னியோடு எட்டவே எட்டாது. காலையிலேயே இரண்டு முட்டை, மதியம் மீனோ கோழியோ, சாயங்காலம் சுண்டல், இரவு பாலோ தயிரோ என்று நான்கு வேளைக்கும் பிரித்துக்கொண்டேன். கும்மாயத்தை விடவில்லை, உளுந்தும் பாசிப்பருப்பும் சேர்ந்த இனிப்பு அது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

இப்போது இரண்டு காலுக்கும் அரை அங்குலம்தான் வித்தியாசம். படி ஏறக் கைப்பிடி தேவையில்லை. அவன் என்னைவிட முன்னாலேயே ஓட ஆரம்பித்துவிட்டான்.

யார் வீட்டிலாவது காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு யாரேனும் இருந்தால், கட்டுக்குள்ளேயே தொடையை இறுக்கி விடும் பயிற்சியைச் செய்யலாமா என்று டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். முறிவின் வகையைப் பார்த்துத்தான் சொல்வார்கள். எனக்குக் கட்டுப் போட்ட இடத்தில் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை.