மைனஸ் 17.5

ராத்திரி ஒன்றரை மணி. நெட்லோகோவுல (உயிர்களைத் திரையில நடமாட விட்டு என்ன ஆகுதுன்னு பார்க்குற சிமுலேஷன் மென்பொருள்) ஓநாய்-ஆடு மாடல் ஒண்ணு எழுதி ஓட விட்டேன். ஆடு புல்லைத் தின்னும், ஓநாய் ஆட்டைத் தின்னும். ஆட்டுக் கணக்கு ஏறுதே தவிர இறங்க மாட்டேங்குது. கிராஃபை முறைச்சுப் பார்த்தும் ஒண்ணும் பிடிபடலை.

கடைசியா ஒவ்வொரு ஆட்டுக்குப் பக்கத்துலயும் அதோட எனர்ஜியை, அதாவது தின்னா ஏறி நடந்தா குறையுற எண்ணை, லேபிளா காட்டச் சொன்னேன். ஒரே வரிதான். (ஆடுன்னு நாம சொன்னாலும் நெட்லோகோவுக்கு நடமாடுறது எல்லாமே 'டர்ட்டில்', ஆமை!)

பார்த்தா, புல் காய்ஞ்ச பழுப்புக் கட்டத்துல ஒருத்தர் மைனஸ் 17.5-ஓட ஜம்முனு நடந்துக்கிட்டிருக்கார்.

எனர்ஜி சரியா பூஜ்ஜியமானாத்தான் சாகணும்னு எழுதி வெச்சிருக்கேன். குட்டி போட்டா எனர்ஜி பாதியாகும், ஒற்றைப்படை எண்ணா இருந்தா அரையில (.5) நிக்கும். அப்புறம் ஒண்ணொண்ணா குறைஞ்சா பூஜ்ஜியத்தை மிதிக்காமலே தாண்டிடும்.

பூஜ்ஜியத்துக்குக் கீழ போனாலும் சாகட்டும்னு சமக்குறிக்கு முன்னாடி ஒரு '<' போட்டேன். மந்தையில பாதி பொசுக்குனு காணோம்.