பத்து லட்சம் ரூபாயை முடக்கி வைத்துப் படிக்கச் சென்ற அனுபவம்

பெரம்பூரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, மாலைக் கல்லூரியில் பி.காம். முடித்து, இரண்டு ஆண்டுகள் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்த நான், 2024 அக்டோபரில் ஜெர்மனியின் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் மேலாண்மை முதுநிலைப் படிப்பில் சேர்ந்தேன். கையில் பணம் குறைவாக இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு என் கணக்கு வழக்குகள் பயன்படக்கூடும் என்பதால், எந்தப் பணம் எப்போது தேவைப்பட்டது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

முதலில் அண்ணா சாலையில் உள்ள ஒரு கன்சல்டன்சிக்குத்தான் சென்றேன். வழிகாட்டுவதற்குக் கட்டணமே இல்லை என்று அன்பாகப் பேசினார்கள். ஆனால் அவர்கள் நீட்டிய பட்டியலில் இருந்த ஐந்து கல்லூரிகளும் தனியார் கல்லூரிகள். ஆண்டுக் கட்டணம் ஏறத்தாழ 12,000 யூரோ. அரசுப் பல்கலைக்கழகங்களைப் பற்றிக் கேட்டபோது, பி.காம். படித்தவர்களுக்கு அங்கே இடம் கிடைக்காது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அது உண்மையில்லை. பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. ஊரைப் பொறுத்து ஏறத்தாழ 100 முதல் 400 யூரோ வரை பருவக் கட்டணம் மட்டும் கட்ட வேண்டும். பாடன் வுர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து வாங்கத் தொடங்கியது. இந்த இரண்டையும் தவிர்த்துவிட்டுத்தான் என் பட்டியலைத் தயாரித்தேன்.

மதிப்பெண் கணக்கு எளிது. நூறிலிருந்து நம் மதிப்பெண்ணைக் கழித்து, அதை மூன்றால் பெருக்கி, முழு மதிப்பெண்ணுக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டினால் ஜெர்மன் மதிப்பெண் கிடைத்துவிடும். அங்கே எண் குறையக் குறையத்தான் மதிப்பு அதிகம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தேர்ச்சிக்கு 40 என்பதால் என்னுடைய 76 விழுக்காடு 2.2 ஆனது. 2.5 வேண்டும் என்று கேட்கும் இடங்களுக்கு 70 விழுக்காடு போதும். கடினமாக இருந்தது பாட அளவுதான். புள்ளியியல், கணிதம் போன்ற பாடங்களில் இத்தனை கிரெடிட் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு துறையும் நிபந்தனை வைக்கிறது. நம் மதிப்பெண் பட்டியலோ பாடத்தின் பெயரோடு நின்றுவிடுகிறது. ஆகவே வணிகப் புள்ளியியல் பாடத்திட்டத்தை அலகு வாரியாகத் தட்டச்சு செய்து, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு என்று குறித்து, கல்லூரி முதல்வரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கினேன். மதிப்பெண் சான்றுக்காக சேப்பாக்கம் வளாகத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் அரை நாள் விடுப்பில் சென்று வந்தேன்.

அதன்பின் திரும்பி வராத பணத்தின் வரிசை தொடங்கியது. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட, நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு 18,000 ரூபாய், ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுக்குப் பதினாறாயிரத்துக்கு மேல். பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களைப் பெற்றுச் சரிபார்க்கும் யூனி அசிஸ்ட் அமைப்பின் வழியாக விண்ணப்பிக்க முதல் பல்கலைக்கழகத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. விசாவுக்கு 75 யூரோ. பத்து இடங்களுக்கு விண்ணப்பிக்கும்படி நண்பர்கள் சொன்னார்கள். நான் நிபந்தனைகளை வரி வரியாகப் படித்து, எனக்குப் பொருந்திய நான்கு இடங்களுக்கு மட்டும் விண்ணப்பித்தேன். ஜூன் மாதம் இரண்டு இடங்களிலிருந்து அனுமதிக் கடிதம் வந்தது. செலவாகும் பணத்தில்தான் சிக்கனம் பார்க்க முடியும் என்பதை அப்போதே புரிந்துகொண்டேன்.

பெரிய தொகையோ செலவாவதில்லை, முடங்குகிறது. ஜெர்மனியில் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட, பிளாக்டு அக்கவுண்ட் எனப்படும் கணக்கில் அப்போது 11,208 யூரோ போட வேண்டியிருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தபின் அதுவே மாதம் 934 யூரோவாக நம் கைக்கு வரும். வங்கி ஒரு யூரோவுக்கு 92 ரூபாய் போட்டதால் மொத்தம் 10 லட்சத்து 31 ஆயிரம் ரூபாய். அச்சகத்தில் வேலை பார்க்கும் அப்பாவின் சேமிப்பும் அம்மாவின் வளையல்கள் மீது எடுத்த நகைக்கடனும் சேர்ந்து 2 லட்சத்து 81 ஆயிரம் ரூபாய்தான் இருந்தது. மீதிக்குக் கல்விக்கடன் ஒன்றே வழி. சொத்து அடமானம் இல்லாமல் ஏழரை லட்சம் வரை அரசு வங்கிகளில் கேட்கலாம்.

நான் ஏறிய முதல் கிளையில் மேலாளர் என் கடிதத்தைப் பார்த்துவிட்டு, “காலேஜ் ஃபீஸே இல்லைன்னு போட்டிருக்கே, அப்புறம் எதுக்கும்மா லோன்?” என்று கேட்டார். கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரிக்குப் போயிருந்தால் கடன் எளிதாகக் கிடைத்திருக்கும் என்ற எண்ணம் அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் என்னை அழுத்தியது. இரண்டு நாட்கள் கழித்து, கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி என்ற அரசு இணையதளத்தில் ஒரே விண்ணப்பத்தை மூன்று வங்கிகளுக்கு அனுப்பினேன். விடுதி, உணவு, பயணம், காப்பீடு ஆகியவையும் கல்விக்கடனுக்குள் அடங்கும் என்பதைத் திட்ட விதியிலேயே கோடிட்டு, தூதரகம் கேட்கும் தொகை பற்றிய அறிவிப்பையும் முன்னால் வைத்து, மாதச் செலவை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு இரண்டாவது கிளைக்குச் சென்றேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகப் படித்தார். அப்பா இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட, ஐந்து வாரங்களில் ஏழரை லட்சம் அனுமதியானது.

பணத்தை அனுப்பும் வரிசையிலும் கவனம் வேண்டியிருந்தது. அந்த நிதியாண்டில் ஏழு லட்சத்துக்கு மேல் கல்விக்காக வெளிநாடு அனுப்பினால், அந்த வரம்பைத் தாண்டும் தொகையில் சொந்தப் பணத்துக்கு 5 விழுக்காடும் கல்விக்கடன் பணத்துக்கு 0.5 விழுக்காடும் டி.சி.எஸ். எனப்படும் வரியாக வங்கியில் முன்கூட்டியே பிடிப்பார்கள். கடன் பணம் முதலில் சென்றிருந்தால் பின்னால் செல்லும் எங்கள் சேமிப்பின் மீது 14,000 ரூபாய்க்கு மேல் பிடித்திருப்பார்கள். சொந்தப் பணத்தை முதலிலும் கடனை அடுத்தும் அனுப்பியதால் 1,656 ரூபாயோடு போனது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது திரும்பக் கேட்கலாம்தான். ஆனால் பயணச்சீட்டு வாங்க வேண்டிய ஆகஸ்ட் மாதத்தில் பதினான்காயிரம் ரூபாய் எங்களுக்குப் பெரிய தொகை.

இவ்வளவு கணக்குப் பார்த்தும் ஓரிடத்தில் தவறினேன். இடையில் உள்ள வங்கிகளின் கட்டணத்தையும் அனுப்புபவரே ஏற்பதாகப் படிவத்தில் குறிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. 23 யூரோ குறைவாகப் போய்ச் சேர்ந்தது. முழுத் தொகை இல்லாமல், பணம் வந்ததற்கான உறுதிக் கடிதம் தர மாட்டோம் என்று பிளாக்டு அக்கவுண்டை நடத்துபவர்கள் சொன்னார்கள். விசா நேர்காணலுக்கு எட்டு நாட்களே இருந்தன. அந்த 23 யூரோவை அனுப்ப வங்கி தனியாக ஒரு முழுப் பரிமாற்றக் கட்டணம் வாங்கியது. நேர்காணலுக்கு முந்தைய மாலை கடிதம் வந்தது. செப்டம்பர் 1 முதல் தேவையான தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது. சில வாரங்கள் தாமதித்திருந்தால் மேலும் 64,000 ரூபாய்க்கு அலைந்திருப்போம்.

இங்கே மாணவர் விடுதி அறைக்கு 290 யூரோ, மருத்துவக் காப்பீட்டுக்கு 120 யூரோவுக்கு மேல், வானொலி தொலைக்காட்சிக்கென வீட்டுக்கு வீடு வாங்கும் 18.36 யூரோவில் என் பங்கு, எல்லாம் போக மிச்சத்தில் சமைத்துச் சாப்பிட முடிகிறது. ஆண்டுக்கு 140 முழு நாட்களோ 280 அரை நாட்களோ வேலை செய்ய அனுமதி உண்டு. ஆனால் அந்த வருமானத்தை நம்பி முதல் பருவத்தைத் திட்டமிட வேண்டாம். எனக்குப் பல்பொருள் அங்காடியில் வேலை கிடைக்க ஜனவரி ஆகிவிட்டது; அதுவும் நுங்கம்பாக்கத்தில் கற்ற ஆரம்பநிலை ஜெர்மன் இருந்ததால்தான் கிடைத்தது.

2025 ஏப்ரல் முதல் டி.சி.எஸ். வரம்பு பத்து லட்சமாகியிருக்கிறது. வங்கிக் கல்விக்கடனாக அனுப்பும் பணத்துக்குப் பிடித்தமே இல்லை. ஆகவே இனி விண்ணப்பிப்பவர்கள் என் வரிசையை அப்படியே பின்பற்றத் தேவையில்லை. தொகையையும் அன்றைய அறிவிப்பைப் பார்த்தே கணக்கிடுங்கள். கடன் வட்டியை இப்போது நானே மாதந்தோறும் கட்டுகிறேன். அம்மாவின் வளையல்களில் இரண்டை மீட்டாயிற்று. இன்னும் இரண்டு வங்கியில் இருக்கின்றன.