சியும் ஜியும்

நேற்றிரவு என் உயிரை மூன்று முறை காப்பாற்றிய ஒருவரை நான் கையெறி குண்டு வீசிக் கொன்றுவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, அவருக்கு நன்றி சொல்லத்தான் முயன்றேன். நடந்தது கணினி விளையாட்டில்தான் என்றாலும் விடிந்த பிறகும் என் மனம் ஆறவில்லை, தங்கை மகனும் சிரிப்பை நிறுத்தவில்லை.

விளையாட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களில் இரண்டு பேராவது அதில் என்னைத் தேடிப்பிடித்து நண்பராகச் சேர்த்துக்கொள்வீர்கள், என் புள்ளிவிவரப் பக்கம் உங்கள் கண்ணில் படும். புதிதாக வந்திருப்பது, நால்வர் அணி இன்னொரு நால்வர் அணியைச் சுடுவது, சொந்த அணிக்காரர் வீசிய குண்டும் உயிரை எடுப்பது என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும். கடைசியாகச் சொன்ன விதியை நானே மிகவும் தாமதமாகத்தான் அறிந்துகொண்டேன்.

என் விளையாட்டுத் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் ஒரு நாள், வீடு அடங்கிய பிறகு ஒன்றரை மணி நேரம். அதிலும் பாதி, எதை விளையாடலாம் என்று பட்டியலை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருப்பதில் கழிந்துவிடும். சுடும் விளையாட்டு என்று நான் முழுமனத்தோடு ஆடியது 1993 டிசம்பரில் வெளிவந்த டூம் ஒன்றைத்தான். அதில் அண்ணாந்து பார்க்கும் வசதியே கிடையாது. அரக்கன் உயரமான மேடையில் நின்றாலும் நாம் அவன் இருக்கும் திசையைப் பார்த்து நேராகச் சுட்டால் போதும், குண்டு தானே உயரத்தைக் கணித்துப் போய் அவனைத் தாக்கும். அவ்வளவு பண்பான குண்டுகளை அதற்குப் பிறகு நான் எங்கும் சந்திக்கவில்லை. 1996இல் குவேக் வந்தபோது மவுஸைப் பிடித்து மேலும் கீழும் பார்க்கக் கற்றுக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். நான் கௌரவமாக விலகிக்கொண்டேன். ஆகவே நேற்று நாற்காலியில் உட்கார்ந்ததும் என் விரல்கள் தாமாகவே அம்புக்குறி விசைகளுக்குப் போனதில் வியப்பில்லை.

“மாமா, அந்தப் பக்கம் போகாதீர்கள்” என்று தங்கை மகன் என் கையைப் பிடித்து இடப்பக்கமாக நகர்த்தி டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளின் மேல் வைத்தான். இந்தப் பழக்கம் பரவியதற்குக் காரணமானவர்களில் முக்கியமானவர் திரெஷ் என்ற பெயரில் ஆடிய டெனிஸ் ஃபாங் என்றும், அவர் 1997இல் குவேக் போட்டி ஒன்றில் வென்று, அந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக்கின் சிவப்பு நிற ஃபெராரி காரையே பரிசாகப் பெற்றார் என்றும் அவன் பக்தியோடு விளக்கினான். இடது கையை அங்கே வைத்தால் சுற்றியிருக்கும் விசைகள் எல்லாம் விரலுக்கு எட்டும் என்பதுதான் அந்த முறையின் சிறப்பாம். எட்டக் கூடாத விசைகளும் எட்டும் என்பதைத் திரெஷ் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

விளையாட்டு ஒருவழியாகத் திறந்தது. சுடுவதற்கு முன்னால் வாங்குவதற்கு அழைத்தார்கள். முதலில் பேட்டில் பாஸ், அதாவது ஆட ஆடப் பரிசுகளைத் திறந்துவிடும் கட்டணச் சீட்டு, பிறகு அறிமுகத் தொகுப்பு, பிறகு துப்பாக்கிக்குப் போர்த்த ஒரு பொன்னிற ஸ்கின். நான் இன்னும் அந்தத் துப்பாக்கியைக் கையில் வாங்கவே இல்லை, அதற்குள் அதற்குப் பட்டாடை வாங்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு சாளரத்தையும் மூடுவதற்கான பெருக்கல் குறியை ஒவ்வொரு மூலையில் ஒளித்துவைத்திருந்தார்கள். அன்றைய இரவில் நான் குறி பார்த்துத் துல்லியமாக அடித்தவை அவை மட்டுமே.

பயிற்சிக் களத்தில் பத்தே நிமிடத்தில் தலை சுற்றத் தொடங்கியது. ஓடுகிறோம் என்று கண் சொல்கிறது, நாற்காலியில்தானே இருக்கிறோம் என்று உள்காது சொல்கிறது, இரண்டுக்கும் நடுவில் வயிறு தண்டனை அனுபவிக்கிறது. எனக்கு வயதாகிவிட்டது என்று மனைவி தீர்ப்பு வழங்கினாள். தங்கை மகன் மட்டும் அமைப்புகளுக்குள் நுழைந்து, திரையில் எவ்வளவு அகலம் தெரியும் என்பதை முடிவுசெய்யும் காட்சிக் கோணத்தை 70 டிகிரியிலிருந்து 95க்கு ஏற்றி, நடக்கும்போது தலை ஆடுவதையும் வேகமாகத் திரும்பும்போது படம் மங்குவதையும் நிறுத்தினான். உண்மையாகவே தலைசுற்றல் அடங்கியது. இதே துன்பத்தில் இருப்பவர்கள் மாத்திரையைத் தேடுவதற்கு முன்னால் இந்த மூன்றையும் தேடுங்கள். மவுஸின் வேகத்தையும் அவன் பாதியாகக் குறைத்து, மணிக்கட்டால் அல்ல, முழங்கையிலிருந்து கையை அசைக்க வேண்டும் என்றான். அதன் பிறகு நான் பின்னால் திரும்ப வேண்டுமானால் மேசையில் இருந்த எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு திரும்ப வேண்டியதாயிற்று.

முதல் ஆட்டத்தில் 11 பேரை வீழ்த்தினேன். மீண்டும் சொல்கிறேன், 11 பேர். திரையைக் கைப்பேசியில் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டேன்; மைத்துனர் மட்டும் ஒரு கட்டைவிரலைப் பதிலாக அனுப்பினார். 30 ஆண்டுகள் எனக்குள் உறங்கிக்கிடந்த வீரம் விழித்துக்கொண்டது என்று நான் சற்று உரக்கவே பேசியிருக்கக் கூடும். தங்கை மகன் கொஞ்ச நேரம் பொறுத்திருந்துவிட்டு, புதிதாக வருபவர்கள் மனமொடிந்து ஓடிவிடாமல் இருக்கப் பல விளையாட்டுகள் முதல் சில ஆட்டங்களில் மனிதர்களுக்குப் பதிலாகக் கணினியே ஆட்டுவிக்கும் பாட்களை எதிரே நிறுத்துவது உண்டு என்றான். வீழ்ந்த 11 பேரில் ஒருவர் சுவரைப் பார்த்தபடி ஓடிக்கொண்டே இருந்தது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. அந்தப் படத்தைக் குழுவிலிருந்து நான் இன்னும் நீக்கவில்லை.

அடுத்த ஆட்டத்தில் மனிதர்கள் வந்தார்கள். வந்த வேகத்தில் நான் போய்ச் சேர்ந்தேன். இந்த விளையாட்டில் துப்பாக்கியைவிடக் காதுதான் பெரிய ஆயுதம் என்று சொல்லியிருந்தார்கள், அது பொய்யில்லை. மரத்தளத்தில் ஓடினால் ஓர் ஓசை, இரும்புப் படியில் ஏறினால் ஓர் ஓசை, தண்ணீரில் இறங்கினால் வேறோர் ஓசை, எல்லாம் அத்தனைத் தெளிவு. என்னிடமுள்ள சிக்கல், இடப்பக்கம் காலடி கேட்கிறதே என்று நான் இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கத்திலிருந்து சுட்டார்கள். வலப்பக்கம் கேட்டு வலப்பக்கம் திரும்பினால் இடப்பக்கத்திலிருந்து சுட்டார்கள். முக்கால் மணி நேரம் இப்படியே செத்துச் செத்து, கடைசியில் இந்த ஒலியமைப்பை உருவாக்கியவர்களுக்குத் திசை என்பதே தெரியாது என்றும், எதிரிகள் ஏதோ மோசடி மென்பொருள் வைத்திருக்கிறார்கள் என்றும், இதைப் பற்றி விரிவாக எழுதப்போகிறேன் என்றும் வீடு அதிர அறிவித்தேன். தங்கை மகன் எழுந்து வந்தான். ஒன்றும் பேசாமல் என் தலையிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றி, இடவலமாகத் திருப்பி, மறுபடியும் மாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தான். சில பிள்ளைகளுக்கு இந்த வயதிலேயே இத்தனைப் பெருந்தன்மை எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. என் தங்கையிடமிருந்து வந்திருக்க வாய்ப்பில்லை, அவள் அடுத்த அறையிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

காது நேரான பிறகும் நியாயம் கிடைத்துவிடவில்லை. சுவருக்குப் பின்னால் முழுமையாக ஒளிந்துகொண்ட பிறகு நான் செத்தேன். ஒருமுறை அல்ல, நான்கு முறை. இதற்கும் விளக்கம் இருந்தது. என் கணினியில் நான் ஒளிந்துவிட்ட செய்தி இணையத்தின் வழியாகப் போய்ச் சேர்வதற்குள், எதிரியின் திரையில் நான் இன்னும் வெளியேதான் நின்றுகொண்டிருப்பேனாம். அவர் சுட்டதும், எல்லோரையும் இணைத்து ஆட்டத்தை நடத்தும் கணினியான சர்வர் காலத்தைச் சற்றே பின்னோக்கிச் சுழற்றி, அவர் பார்த்த கணத்தில் நான் எங்கே இருந்தேன் என்று சரிபார்த்து, குண்டு பட்டது என்று தீர்ப்பெழுதுமாம். சித்திரகுப்தனுக்கு அடுத்து இப்படிக் கணக்கு வைத்திருப்பவர் சர்வர்தான் போலிருக்கிறது. விநாடிக்கு 60 முறை படம் மாற்றும் என் திரைக்குப் பதிலாக 144 முறை மாற்றும் திரை வாங்கினால் ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 10 மில்லிவிநாடி முன்னதாகவே வந்துவிடும் என்று அவன் ஆசை காட்டினான். ஒரு சராசரி மனிதன் கண்ணால் கண்டு விரலை அசைக்கக் கால் விநாடி போதுமாம். நான் கண்டு, வியந்து, எந்த விரல் என்று யோசித்து, அதைத் தேடி அழுத்துவதற்குள் ஒரு முழு விநாடி போய்விடுகிறது. அந்த 10 மில்லிவிநாடியை வாங்கி நான் எங்கே வைப்பது?

இந்த நிலையில்தான் மஞ்சள் தலைக்கவசக்காரர் வந்தார். அவருடைய பெயர் எண்களும் கோடுகளுமாக இருந்ததால் நானாக வைத்த பெயர் இது. அந்த ஆட்டத்தின் தொடக்கத்திலேயே நான் ஏணியிலிருந்து தவறி விழுந்து குற்றுயிராகக் கிடந்தேன். எதிரி யாரும் என்னைத் தொடவில்லை, புவியீர்ப்பு மட்டுமே தொட்டது. மற்ற இருவரும் முன்னால் ஓடிவிட, இவர் மட்டும் திரும்பி வந்து, அருகில் மண்டியிட்டு என்னைத் தூக்கி நிறுத்தினார். பிறகு நான் ஒரு கதவைப் பார்த்துத் தோட்டாக்கள் முழுவதையும் தீர்த்துவிட்டு நின்றபோது, தன்னுடைய தோட்டாக்களில் ஒரு பகுதியை என் காலடியில் போட்டுவிட்டு நகர்ந்தார். மூன்றாவது முறை, ஜன்னல் வழியாக என்னைக் குறிபார்த்தவனுக்கு முன்னால் குறுக்கே வந்து நின்று அந்தக் குண்டைத் தானே வாங்கிக்கொண்டு அவனை வீழ்த்தினார். பேசுவதற்கு அவரிடம் மைக் இல்லை அல்லது பேச விரும்பவில்லை. பத்து வயதுச் சிறுவனோ, பணி ஓய்வு பெற்றவரோ, எந்த ஊரோ, எந்த மொழியோ, ஒன்றும் தெரியாது.

கடைசிச் சுற்றுக்கு முன்னால் ஒரு சிறிய அறைக்குள் நாங்கள் இருவரும் பதுங்கியிருந்தோம். அவர் என்னைப் பார்த்துத் திரும்பி, சட்டென்று இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தார். தோப்புக்கரணம் எதற்கு என்று நான் குழம்பினேன். கை கூப்பவும் புன்னகைக்கவும் தெரியாத இந்தப் பொம்மை உடல்களில் உட்கார்ந்து எழுவதுதான் வணக்கம், நன்றி, நட்பு எல்லாமும் என்று பின்னால் நின்றிருந்த தங்கை மகன் சொன்னான். எனக்கு உண்மையிலேயே நெகிழ்ச்சியாக இருந்தது. மூன்று முறை காப்பாற்றியவருக்கு நான் இதுவரை ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே! உட்காருவதற்கு எந்த விசை என்று கேட்டேன். அவன் “சி” என்றான். இம்முறை சரியாக மாட்டப்பட்டு இரண்டு காதுகளையும் இறுக மூடியிருந்த ஹெட்ஃபோனுக்குள் அது “ஜி” என்று கேட்டது.

அழுத்தினேன். நான் உட்காரவில்லை. என் கையிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பிப் போய், எதிர்ச் சுவரில் மோதி, உருண்டு, மஞ்சள் தலைக்கவசக்காரரின் காலடியில் நின்றது. அது வெடிக்க நான்கு விநாடி இருந்தது. அந்த நான்கு விநாடியும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த அறைக்கு வாசல் ஒன்றே ஒன்று. அந்த வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் குண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசலை நோக்கி ஓடி வந்து என்மேல் மோதினார், பின்வாங்கினார், மறுபடியும் மோதினார். அவர் வணக்கத்தைத் தொடர்கிறார் என்று நினைத்து நான் இன்னொரு முறை ஜி விசையை அழுத்தினேன். தங்கை மகனின் அலறல் ஹெட்ஃபோனைத் தாண்டிக் கேட்டபோதுதான் நான் எஸ் விசையைக் கண்டுபிடித்துப் பின்னால் நகர்ந்தேன். நான் பிழைத்தேன்.

இறந்தவர்கள் உயிரோடிருக்கும் அணித்தோழரின் கண் வழியாக மீதி ஆட்டத்தைப் பார்க்கலாம் என்பது இந்த விளையாட்டின் இன்னொரு சிறப்பு. மற்ற இருவரும் அதற்குள் வீழ்ந்துவிட்டிருந்தார்கள். என்னை மூன்று பேர் பார்க்கிறார்கள் என்று திரையின் மூலையில் எழுதிக் காட்டினார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கையில் நான் ஏணியில் ஏறினேன், விழுந்தேன். இந்த முறை தூக்கிவிட யாரும் இல்லை.

ஆட்டம் முடிந்து முடிவுப் பக்கம் வந்தது. அணித்தோழர்களின் பெயருக்கு அருகில் பாராட்டு வழங்கும் பொத்தான் இருப்பதைத் தங்கை மகன் காட்டினான். மன்னிப்புக் கேட்பதற்கு அதில் பொத்தான் இல்லை. எனவே மஞ்சள் தலைக்கவசக்காரருக்குப் பாராட்டு வழங்குவோம் என்று, இம்முறை பெயரை இரண்டு தடவை சரிபார்த்து, மவுஸை மெதுவாகக் கொண்டுபோய் அழுத்தினேன். அழுத்திய பிறகுதான் என் பெயருக்கு அருகிலும் ஒரு சிறிய நட்சத்திரம் மின்னுவதைக் கண்டேன். எனக்கும் ஒரு பாராட்டு வந்திருந்தது, ‘நல்ல அணித்தோழர்’ என்று. அனுப்பியவர் அதே எண்களும் கோடுகளும்.

நான் வெகுநேரம் அந்த நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கை மகன் என் தோளில் கை வைத்தான்.

“அவரும் தவறான பொத்தானை அழுத்தியிருப்பார், மாமா” என்றான்.