அவர் மன்னித்த பிறகு

ஒரு நோயாளியின் இனவெறிப் பேச்சைப் பற்றி அந்தப் புகாரை எழுதியது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் “யாருக்காக எழுதினீங்க, சிஸ்டர்?” என்று, அந்தப் பேச்சைக் கேட்க நேர்ந்த சக செவிலியர் கேட்டதற்கு மட்டும் ஒழுங்கான பதில் இன்னும் வரவில்லை.

இங்கிலாந்தில் வார்டு வேலை பார்ப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. இரவு ஷிப்ட். ஆன்டிபயாட்டிக் ஏற்றப் போன நைஜீரியச் செவிலியரிடம், கறுப்புக் கை தன்மேல் படக் கூடாது என்றார் நோயாளி. ஷிப்ட் பொறுப்பில் இருந்த என்னைப் பார்த்து, “நீ பரவாயில்லை, உங்க ஆளுங்க உழைப்பாளிங்க” என்று நற்சான்றிதழ் வேறு. இனவெறியோடு நடப்பவருக்கு அவசரமில்லாத சிகிச்சையை மறுக்கலாம் என்று 2020 ஏப்ரலில் இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் விதி கொண்டுவந்தது. கிருமித்தொற்று முற்றி உயிருக்கே ஆபத்தாகும் செப்சிஸ் வந்த நோயாளியிடம் அந்த விதியைக் காட்ட முடியுமா? மருந்தை நானே ஏற்றினேன்.

“விடுங்க, நான் மன்னிச்சாச்சு. அவருக்காக ஜெபமும் பண்ணிட்டேன்” என்றார் அந்தச் செவிலியர். அது ஒப்புக்குச் சொன்னதில்லை. எனக்குத்தான் விட முடியவில்லை. விடிவதற்குள், இப்படிப்பட்ட சம்பவங்களைப் புகாராகப் பதியும் கணினி முறையான டேடிக்ஸில் பதிந்துவிட்டேன். அப்புறம் மேலாளர், மனிதவளத் துறை என்று ஒவ்வொருவரிடமும் அந்த வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது அவருக்குத்தான். நோயாளிக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் போனது. அவ்வளவுதான்.

2024 ஆகஸ்டில் குடியேறிகளுக்கு எதிராக இங்கிலாந்தில் நடந்த கலவரத்தில், சண்டர்லாந்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ் செவிலியர்களின் டாக்சி மீது கல்லெறிந்தார்கள். அதற்குப் பிறகு இதையெல்லாம் வாய்க்கொழுப்பு என்று ஒதுக்க முடியவில்லை. பதிவு இல்லையென்றால் நிர்வாகத்துக்கு அது நடக்கவே இல்லை.

பைபிளில் அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தை அடிக்கடி புரட்டுகிறேன். அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டபோது, முறுமுறுத்தது அவர்களுடைய ஜனங்கள். அப்போஸ்தலர்கள் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் பண்ணவில்லை. ஏழு பேரை நியமித்தார்கள், ஏழும் கிரேக்கப் பெயர்கள். எனக்கு வாகான பகுதி. ஆனால் அந்த விதவைகள் என்ன சொன்னார்கள் என்று அங்கே ஒரு வரிகூட இல்லை. ஒருத்தியாவது “எனக்காகப் பேசாதே” என்றிருப்பாளோ?

“யாருக்காக” என்று கேட்டவர் அதோடு நிறுத்தவில்லை. “அவர் உங்களைப் பரவாயில்லைன்னு சொன்னாரே, அது உறுத்தித்தானே?” என்றார். உறுத்தியது உண்மைதான். அந்தப் பாராட்டு எனக்கு வசவாகத்தான் கேட்டது. அதனால் புகார் பொய்யாகிவிடுமா? பாதி கோபம் என்னுடையது என்பதாலேயே எழுத எனக்கும் உரிமை உண்டு என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள், என் கோபத்தை அவர் தலையில் அல்லவா சுமத்தினேன் என்று தோன்றும்.

அவர் மன்னித்தது அவர் பங்கை. என் பங்கை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. அதற்காக ஜெபிக்கவும் இல்லை. மறுபடி நடந்தால் எழுதுவேன். முதலில் அவரிடம் கேட்பேனா என்பதுதான் தெரியவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்.