நிற்குமா என்று பார்ப்பதுதான் வேலை

ரோப் காரில் வேலை செய்கிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "வடம் அறுந்துவிடாதா?" பதினான்கு வருடங்களாக இதற்குப் பதில் சொல்லி வருகிறேன். ஆனால் காலை ஐந்தே முக்காலுக்கு இயக்க நிலையத்தின் கதவைத் திறக்கும்போது என் மனத்தில் இருக்கும் கேள்வி வேறு. இன்றைக்கு இது நிற்குமா?

ஓட்டுவது பெரிய வித்தை இல்லை. மோட்டார் சுற்றினால் கியர் பெட்டி சுற்றும், அது பெரிய கப்பியைச் சுற்றும், கப்பியில் மாட்டிய வடம் கீழிருந்து மேலும் மேலிருந்து கீழும் போய்க்கொண்டே இருக்கும். எங்கள் தடம் ஒரு பக்கத்துக்கு 1,600 மீட்டர். 11 கோபுரங்கள், 40 பெட்டிகள். வடம் நொடிக்கு 5 மீட்டர் ஓடும். ஒவ்வொரு பெட்டியும் ஒரு கிரிப்பால் வடத்தைக் கவ்விக்கொண்டிருக்கும். நிலையத்துக்குள் வந்ததும் ஒரு தண்டவாளம் அந்தக் கிரிப்பை அழுத்தித் திறந்துவிடும். வடம் தன் வேகத்தில் தலைக்கு மேலே ஓட, பெட்டி மட்டும் ரப்பர் சக்கர வரிசையில் நத்தைபோல் நகரும். ஆட்கள் இறங்குவதும் ஏறுவதும் அப்போதுதான். பிறகு அதே சக்கரங்கள் பெட்டியை வடத்தின் வேகத்துக்குத் தள்ளிக்கொண்டுபோய் மறுபடி கவ்வ வைக்கும்.

கிரிப்பை மூடுவது ஸ்பிரிங். திறக்கத்தான் விசை வேண்டும். பிரேக்கும் அப்படியே: எண்ணெய் அழுத்தம் இருக்கும்வரை அது விலகி நிற்கும், அழுத்தம் போனால் ஸ்பிரிங் பிடித்துவிடும். மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று பயப்படுகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன். எது கெட்டாலும் பிடித்துக்கொள்ளும் பக்கமாகவே கெடும்படி செய்திருக்கிறார்கள். செய்தவர்களை எனக்குத் தெரியாது, ஆனால் பல காலைகளில் அவர்களுக்கு மனத்துக்குள் வணக்கம் வைத்திருக்கிறேன்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த மெக்கானிக், இயந்திரத்தைப் பார்க்கும் முன் தரையைப் பார் என்பார். கியர் பெட்டிக்குக் கீழே புது எண்ணெய்த் துளி, பிரேக்கடியில் கறுப்புத் தூள், எங்கிருந்து விழுந்தது என்று தெரியாத ஒரு வாஷர். ராத்திரி நடந்ததைத் தரை சொல்லிவிடும். அதற்குப் பிறகுதான் மற்றவை: வடத்தை இழுத்துப் பிடிக்கும் ஹைட்ராலிக் சிலிண்டரின் அழுத்தம், கப்பியைத் தாங்கி முன்னும் பின்னும் நகரும் இழுவை வண்டி நிற்கும் இடம். குளிர்ந்த காலையில் வடம் சுருங்கியிருக்கும், வண்டி முன்னே நகர்ந்திருக்கும். நேற்றைய குறியோடு ஒப்பிடாமல் அந்த எண்ணை மட்டும் எழுதிவைத்து எந்தப் பயனும் இல்லை.

அடுத்தது சலிப்பான கட்டம். இரண்டு நிலையங்களிலும் சேர்த்து ஒன்பது நிறுத்துப் பொத்தான்கள். ஆள் ஏறாத தடத்தை மெதுவாக ஓட்டி, ஒரு பொத்தானை அழுத்தி, நின்றதா என்று பார்த்து, விடுவித்து, மறுபடி ஓட்டி, அடுத்ததற்குப் போக வேண்டும். நாலாவது பொத்தானிலேயே மனசு சொல்லும்: மற்றவையும் ஒரே கம்பிதானே, நேற்று வேலை செய்ததே. ஒன்பதுக்கும் டிக் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போன ஆட்கள் உண்டு. முதல் வருடத்தில் நானும் ஒருமுறை அப்படிப் போனேன். யாருக்கும் தெரியவில்லை, எதுவும் நடக்கவில்லை. அந்த "எதுவும் நடக்கவில்லை"தான் ஆளைக் கெடுக்கும்.

பிரேக் இரண்டு. மோட்டார் பக்கத்து வேகமான தண்டில் ஒன்று, பெரிய கப்பியையே நேராகப் பிடிப்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்து நின்ற நேரத்தைக் குறித்துக்கொள்வோம். முழு வேகத்திலிருந்து 10 நொடியில் சீராக நின்றால் அதற்குள் வடம் சுமார் 25 மீட்டர் போயிருக்கும். அதைவிடச் சட்டென்று நின்றால் நல்லதுதானே என்று புதிதாக வந்த பையன் கேட்டான். பெட்டிகள் ஊஞ்சலாகிவிடும், உள்ளே நிற்பவரின் நெற்றி கண்ணாடியில் மோதும். அதனால் நேரம் கூடினாலும் குறைந்தாலும் எங்களுக்குக் கோளாறுதான்.

எனக்குப் பிடித்தது முதல் பெட்டியில் தனியாகப் போவது. கையில் வயர்லெஸ், ஜன்னல் திறந்திருக்கும். கோபுரத்தின் கப்பிகளில் வடம் உட்காரும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கும். அது எங்காவது பிய்ந்திருந்தால் டக், டக், டக் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குட்டு. பேரிங் கெட்டால் வேறு சத்தம், மெல்லிய அழுகைபோல. எனக்கு 8-ஆம் கோபுரத்தின் வழக்கமான குரல் தெரியும், 9-ஆம் கோபுரம் எப்போதுமே கொஞ்சம் முரடு. வடத்துக்கும் ஓர் அடையாளம் உண்டு. அது ஒரே வளையமாக இருப்பதற்கு அதன் இரு முனைகளைப் புரிபுரியாகப் பின்னி இணைத்திருக்கிறார்கள். முடிச்சும் கிடையாது, பசையும் கிடையாது. அந்தப் பின்னலின் நீளம் வடத்தின் விட்டத்தைப்போல் ஏறக்குறைய 1,200 மடங்கு. 50 மில்லிமீட்டர் வடமென்றால் 60 மீட்டர். பழகிய கண்ணுக்கு அது கடந்துபோவது தெரியும்.

கண்ணுக்கும் ஒரு எல்லை உண்டு. 2025 செப்டம்பர் 3 அன்று லிஸ்பனில் குளோரியா இழுவை ரயில் சரிந்து 16 பேர் இறந்தார்கள். அன்று காலைகூடப் பார்வைச் சோதனை நடந்திருந்தது. வடம் முறிந்ததோ அது வண்டியோடு இணையும் இடத்தில். எதையாவது கழற்றினால் ஒழியப் பார்க்க முடியாத இடம். வடத்தின் உள்கம்பிகளைக் காந்தக் கருவி வைத்து அவ்வப்போது பரிசோதிப்பதும், கிரிப்புகளைக் கழற்றிப் பார்ப்பதும் இதற்காகத்தான். அவை என் காலை வேலையில் சேராதவை. எங்கே என் பார்வை முடிகிறது என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டியிருக்கிறது.

எட்டு மணிக்குக் கூட்டம். 19 நொடிக்கு ஒரு பெட்டி. நாள் முழுவதும் கதவு, கூட்டம், காற்றுமானி. வண்டியைக் கொஞ்சம் மெதுவாக்கினால் முணுமுணுப்பார்கள், நிறுத்தினால் போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள். சக்கர நாற்காலியில் ஒருவர் ஏறுகிறார் என்பதற்காக நிறுத்தியதைக்கூட "பழுது" என்று எழுதிவிட்டார்கள். சரி, அதை விடுவோம்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, 40 நிமிடத்தில் நான்கு முறை வண்டி தானாக நின்றது. கட்டுப்பாட்டுத் திரையில் நான்கு முறையும் ஒரே இடம்: 7-ஆம் கோபுரம். ஒவ்வொரு கோபுரத்திலும் வடத்துக்குப் பக்கத்தில் எளிதில் ஒடியும் கம்பி ஒன்று பொருத்தியிருக்கும். வடம் கப்பியைவிட்டு விலகினால் அதை ஒடித்துவிடும். பாதுகாப்பு மின்சுற்று அறுந்து எல்லாம் நிற்கும். தொலைநோக்கியில் பார்த்தோம். வடம் கப்பியில்தான் இருந்தது, கம்பியும் முழுசாகத்தான் இருந்தது.

கீழே வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. மேலாளர் வந்தார். "அதை மட்டும் பைபாஸ் செய்துவிட்டு ஓட்ட முடியாதா?" என்றார். முடியும், சாவி என் இடுப்பில்தான் இருந்தது. ஏறியிருப்பவர்களை இறக்குவதற்காக, கோபுரத்தடியில் ஓர் ஆளை நிறுத்தி, மெதுவாக ஓட்டி, ஒரு சுற்று கொண்டுவருவதற்குத்தான் அந்தச் சாவி. "இறக்குவதற்கு ஓட்டுகிறேன் சார், ஏற்றுவதற்கு மாட்டேன்" என்றேன். அவர் முகம் மாறியது.

எனக்கு அப்போது நினைவில் ஓடியது மொத்தரோனே ரோப் கார் விபத்து. 2021 மே 23, இத்தாலி. அங்கே அவசர பிரேக் அடிக்கடி தானாகப் பிடித்துத் தொந்தரவு செய்தது. அது பிடிக்காமலிருக்கப் பராமரிப்பின்போது மாட்டும் கவ்வியைக் கழற்றாமலே பயணிகளை ஏற்றிப் போனார்கள். இழுவை வடம் முறிந்தபோது பிடிக்க எதுவும் இல்லை. பெட்டியில் இருந்த 15 பேரில் பிழைத்தது ஒரு சிறுவன் மட்டும். அங்கேயும் யாரோ வரிசையைக் கணக்கில் வைத்துத்தான் அப்படிச் செய்திருப்பார்கள். அவர்களை அரக்கர்கள் என்று என்னால் நினைக்க முடியவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

எல்லோரையும் இறக்கிவிட்டு, இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு 7-ஆம் கோபுரத்தில் ஏறினேன். மின்கம்பிகள் சேரும் சின்னப் பெட்டியின் மூடியில் நான்கு திருகுகள் இருக்க வேண்டும். மூன்று இருந்தன. அந்த மூலை வழியாக மழைநீர் இறங்கி, முனைகளில் பச்சையாகப் பூத்திருந்தது. துடைத்து, முனைகளை மாற்றி, புது ரப்பர் வைத்து மூடினேன். மேலே போன நேரம், இறங்கிய நேரம் எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஆனது.

கீழே வந்து பதிவேட்டில் எழுத உட்கார்ந்தேன். பழக்கத்தில் முந்தைய பக்கத்தைப் புரட்டினேன். நான்கு நாட்களுக்கு முந்தைய வரி: "7-ஆம் கோபுரம். இணைப்புப் பெட்டி திறந்து பார்க்கப்பட்டது. சரி." பக்கத்தில் கையெழுத்து. என்னுடையது.

கட்டுப்பாட்டு அறைப் பையன் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணா, என்னவாம்?" என்றான். பதிவேட்டை அவன் பக்கம் திருப்பினேன். அவன் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தேநீர் வாங்கப் போனான். நான் பேனாவை எடுத்து அன்றைய வரியை எழுதினேன்: "7-ஆம் கோபுரம். மூடியில் ஒரு திருகு இல்லை. போனமுறை திறந்தவர் நான். இப்போது நான்கும் முடுக்கப்பட்டன." அன்றிலிருந்து எந்த மூடியைத் திறந்தாலும் திருகுகளின் எண்ணிக்கையைச் சேர்த்து எழுதுகிறேன். பையனும் எழுதுகிறான், கொஞ்சம் சிரித்துக்கொண்டே.