ரப்பர் செடி, மூன்றாவது மாடி

ஜூன் 8, சனி

முட்டிவிட்டது. குருத்து கூரையில் இடித்து, மடங்கி, ஃபேன் பக்கம் திரும்பியிருக்கிறது. டேப் பிடித்துப் பார்த்தேன், தொட்டியோடு 9 அடி 4 அங்குலம். கீழே நாலடிக்கு இலையே கிடையாது, வெறும் கம்பு. மாறப்போகிற பெருங்களத்தூர் வீட்டில் ஹால் உயரம் எட்டரை அடிதான். லிஃப்ட் அதைவிடக் குட்டை.

ஜூன் 9, ஞாயிறு

அண்ணன் வீட்டிலிருந்து அம்மா போனில்: "ரப்பர் செடிக்குத் தண்ணி ஊத்துனியாடி?" தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 14, வெள்ளி

ரிப்போர்ட் வரவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

நர்சரிக்காரரிடம் போட்டோ காட்டினேன். "இவ்வளவு தடிச்ச கம்பை அப்படியே வெட்டி வெச்சா அழுகினாலும் அழுகிரும்மா. பதியம் போடுங்க. வேர் வந்தப்புறம் வெட்டுங்க" என்றார். வளர்ந்து நிற்கிற செடியில் கத்தி வைக்கக் கூடாது என்பாள் அம்மா. வேர் விட்டபின் வெட்டினால் அது கணக்கில் வராதோ என்னவோ.

ஸ்டூல் போட்டு ஏறினேன். ஒரு கணுவுக்குக் கீழே ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தேன். பால் நிற்கவே இல்லை. ஈரத்துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன், ஐந்து நிமிஷமாவது இருக்கும். மொசைக் தரையெல்லாம் வெள்ளைச் சொட்டு. உரித்த இடத்தின் வழவழப்புப் போகும்வரை சுரண்ட வேண்டும், இல்லாவிட்டால் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் வராது. வேர்ப்பொடி தடவி, நனைத்துப் பிழிந்த தேங்காய் நார்க்கழிவை உருண்டையாக அப்பி, பிளாஸ்டிக் கவரைச் சுற்றி இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டினேன். அதற்கு மேல் சப்பாத்தி சுற்றும் ஃபாயில், வெளிச்சம் படக் கூடாதாம்.

கட்டை வழியாகத் தண்ணீர் மேலே ஏறிக்கொண்டேதான் இருக்கும், அதனால் இலை வாடாது. இலை சமைத்த சாப்பாடு பட்டை வழியாகத்தான் கீழே இறங்கும். அது வளையத்தில் வந்து நின்றுவிடும். போக வழியில்லாமல் அங்கேயே வேராகும். இதைக் கேட்டதிலிருந்து மண்டைக்குள் அதுதான் ஓடுகிறது.

ஜூன் 17, திங்கள்

விரல் இடுக்கெல்லாம் அரிப்பு. அந்தப் பால்தான். அடுத்த முறை கையுறை.

ஜூன் 21, வெள்ளி

ரிப்போர்ட் வந்துவிட்டதாம். இன்னொரு டெஸ்ட் எடுக்கணுமாம். அண்ணன் அதற்கு மேல் சொல்லவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

ஜன்னல் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த கிளையையும் வெட்டினேன். இரண்டு துண்டு, இரண்டு பாட்டில். இலையைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டேன், ஈரம் சீக்கிரம் போகாமலிருக்க. ரப்பர் செடிக்கு ரப்பர் பேண்ட்! சிரிப்பு வந்தது. வீட்டில் சிரிக்க யாரும் இல்லை. (நம்ம ரப்பர் தோட்டத்து மரம் வேறு ஜாதி. இது ஆல், அரசு, அத்தி வகை.)

ஒற்றை இலை ஒன்றையும் சும்மா தண்ணீரில் வைத்தேன். கணு இல்லாத இலை வேர் விடுமாம், ஆனால் எத்தனை வருஷமானாலும் செடியாகாதாம். தெரிந்தேதான் வைத்தேன்.

ஜூலை 3, புதன்

தூக்கம் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஃபாயிலைப் பிரித்து டார்ச் அடித்தேன். ஒன்றும் இல்லை. மேகாலயாவில் இதே மரத்தின் வேரைத்தான் ஆற்றுக்குக் குறுக்கே இழுத்துவிட்டுப் பாலமாக்குகிறார்கள். காசி என்கிற அந்த ஊர்ப் பழங்குடி மக்கள். ஒரு பாலம் நடக்கிற பதத்துக்கு வரப் பதினைந்து வருஷமாவது ஆகுமாம். எனக்குப் பதினேழு நாள் பொறுக்கவில்லை. பாட்டில் தண்ணீரை மாற்றினேன், நேற்றுதான் மாற்றியிருந்தேன்.

ஜூலை 10, புதன்

ஹவுஸ் ஓனர் இந்த மாசக் கடைசி என்கிறார். ஆடியில் யாராவது வீடு மாறுவார்களா? நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் வாய் நிறைய "ஆடி சார், ஆடி" என்றுதான் சொன்னேன். ஆவணி ஒன்று வரை விட்டுவிட்டார். வேருக்கும் இரண்டு வாரம் கூடக் கிடைத்தது.

ஜூலை 19, வெள்ளி

பாட்டில் கம்பில் அரிசி நொய் மாதிரி வெள்ளைப் புள்ளிகள்! எண்ணினேன். ஏழு.

உச்சியில் புது இலை விரிந்து, மேலே மூடியிருந்த சிவப்பு உறை தரையில் கிடந்தது. காய்ந்த மிளகாய் என்று நினைத்து எடுத்தேன். அம்மா வெள்ளிக்கிழமைதோறும் இலைகளைத் துடைக்கும்போது இந்த உறைகளைப் பொறுக்கித் தொட்டியிலேயே போடுவாள். போட்டேன். இலை துடைக்கவில்லை.

ஜூலை 24, புதன்

அடையாறு பக்கம் போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் அந்த ஆலமர ஞாபகம். 1989 காற்றில் தாய்மரம் சாய்ந்துவிட்டது, இப்போது நிற்பதெல்லாம் விழுதுகள்

இதை எழுதியிருக்க வேண்டாம்.

ஜூலை 31, புதன்

மேட்டூர் 120 அடி. அண்ணன் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் காவிரி தெரிகிறதாம். ஃபாயிலைப் பிரித்தேன். கவருக்குள் வேர்! நாலைந்து, வெளுப்பாக, கவரை முட்டிக்கொண்டு. கை நடுங்கியது. யாரிடம் சொல்வது?

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. அம்மா படித்துறைக்குப் போகவில்லை. "கூட்டம்டி" என்றாள். அம்மா எந்த வருஷம் கூட்டத்துக்குப் பயந்தாள்?

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வெட்டினேன். வேர்ப்பந்துக்குக் கீழே, சின்ன ரம்பத்தால். கவரை மட்டும் எடுத்துவிட்டு நார்க்கழிவை உதிர்க்காமல் தொட்டியில் இறக்கினேன். குச்சி முட்டுக் கொடுத்திருக்கிறது. ஹாலில் சட்டென்று வெளிச்சம் அதிகமாகிவிட்டது, பிடிக்கவில்லை.

சாயங்காலம் வழக்கமான கேள்வி. "ஊத்தினேம்மா" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அது கூரையில முட்டுறப்பவே வெட்டியிருக்கணும். எனக்குத்தான் மனசு வரல" என்றாள். எப்படித் தெரிந்தது? அண்ணியிடம்கூட நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

புதுத் தொட்டியில் ஓர் இலை மஞ்சள். ஒன்றுதானே.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இரண்டு.

ஆகஸ்ட் 12, திங்கள்

இலை கொட்டுவது நின்றது. பழைய கம்பில், வெட்டுக்குக் கீழே ஒரு கணு புடைத்த மாதிரி. மாதிரிதான். உச்சி இருக்கும்வரை அது கீழ்க்கணுக்களை எழும்ப விடாதாம். வண்டிக்காரரிடம் மூன்று தொட்டி என்று சொல்லிவிட்டேன். ஒற்றை இலையும் வேர் விட்டுவிட்டது, முட்டாள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அண்ணியிடமிருந்து மூன்று மிஸ்டு கால். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. பாட்டில் தண்ணீரை மாற்றினேன்.